பனிக்கு உத்தரவாதம் கொடுக்காதீர்கள்

கோயில் சுற்றுலா நடத்துவது சுலபம். மூலவர் எங்கேயும் போக மாட்டார். பேருந்து தாமதமாகலாம், ஓட்டுநர் வழி தவறலாம், நாம் போகும் நேரத்தில் நடை சாத்தியிருக்கலாம். மறுநாள் காலையில் போனால் அவர் அங்கேயேதான் இருப்பார். பனி அப்படியில்லை. நீங்கள் போய் இறங்குவதற்கு முதல் நாள் உருகியிருக்கும். அல்லது நீங்கள் திரும்பி விமானம் ஏறிய பிறகு சாவகாசமாக வந்து விழும். அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நிறுவனம் விளம்பரத்தில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கட்டும். உங்கள் வாயால் மட்டும் "பனி கண்டிப்பா இருக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள்.

நான் மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பிள்ளை. ஈப்போவுக்கு வந்து ஒரு பயண நிறுவனத்தில் டிக்கெட் போடும் மேசையில் உட்கார்ந்து, பிறகு கோயில் குழுக்களை அழைத்துப் போய், அங்கிருந்து பனிக்குத் தாவியவள். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்கு என்னை அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, நான் அதுவரை பார்த்திருந்த ஒரே குளிர் கேமரன் மலைக் குளிர். அதுவும் பள்ளிச் சுற்றுலாவில், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போனதால் சரியாக நினைவில்லை.

முதல் சிக்கல் மொழியிலேயே இருந்தது. பதிவு செய்ய வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும்.

"அண்ணே, இது ஸ்னோ பனி."

"அப்போ நம்ம ஊருல காலையில விழுறது?"

"அது சும்மா பனி."

"சும்மா கெடைக்குறத விட்டுட்டு எதுக்கும்மா அவ்வளவு தூரம் போவணும்?"

நான் பதிவுப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன்.

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் முதல் பனிப் பயணத்தில் பயணியாக வந்த ஒரு பெண்மணி சொன்னது. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். வானிலை அலுவலகத்தில் வேலை, என் வயதுதான். ஈப்போவுக்கு வானிலை சொல்வதைப் பற்றி அவரே சிரித்துக்கொள்வார். "காலையில வெயில், சாயங்காலம் இடி மழை. வருஷம் பூரா இதையே சொன்னாலும் பெரிசா மானம் போவாது." அந்தப் பயணத்தில் எல்லோரும் தரையில் கிடந்த பனியோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மேகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார். நடந்து நடந்து, பனி மூடிய ஒரு வாய்க்காலில் இடுப்பளவு இறங்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். வெளியே வரும்போதும் ஒரு கை மேலே காட்டிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு ஈரக் காலுறையை உதறிக்கொண்டே அவர் சொன்னார்: "ராஜி, ஈப்போவுல சாயங்காலம் கொட்டுதே இடி மழை, அதுல பெரும்பகுதி மேல பனியாத்தான் இருந்துச்சு. அந்த மேகத்தோட தலை கினபாலு மலைய விட உசரம். அங்க எல்லாம் ஐஸு. கீழ வர்றதுக்குள்ள உருகிப் போயிடுது. அதனால பனி வருமான்னு கேக்காதீங்க. வர்ற பனி உருகாம நம்ம கால் வரைக்கும் வந்து சேருமான்னு கேளுங்க."

பிறகு காற்றைப் பற்றிச் சொன்னார். "டிசம்பர்ல கிழக்குக் கரையில கிளந்தான் வெள்ளத்துல முங்குது. ஈப்போவுல துணி காயுது. ஏன்? கடல் ஈரத்தக் குடிச்சிட்டு வர்ற காத்து நடுவுல இருக்குற மலையில மோதி, அந்தப் பக்கமே கொட்டிட்டு வருது. இங்கயும் அதே கதைதான் லா. காத்து சைபீரியாவுலேருந்து வருது, கொட்டுறது பனி. அவ்வளவுதான் வித்தியாசம்." ஆக மூன்று கேள்வி. காற்று எங்கிருந்து வருகிறது, வழியில் கடலைத் தாண்டியதா, நாம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம். பனிக்குப் போகிறவர்கள் செருப்பை மறந்தாலும் இந்த மூன்றை மறக்கக் கூடாது. செருப்பை மறந்து வந்தவர்களும் உண்டு, அது தனிக் கதை.

இனி, நான் சொல்ல வந்த பயணத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் தொடக்கம், அதே ஹொக்கைடோ. ஒரு பேருந்து நிறைய நம் ஆட்கள். அவர்களில் மூன்று பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாமவர் கணேசலிங்கம் ஐயா. ஈப்போக்காரர், யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அரசாங்கத்தில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பேசியில் வானிலைச் செயலி மட்டும் மூன்று வைத்திருந்தார். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். அவர் மூன்றையும் நம்புவார்.

இரண்டாமவர் முனியாண்டி அண்ணே. ஊர் தெலுக் இந்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். அவருக்குச் செயலி தேவையில்லை. இடது முட்டி போதும். மழை, வெயில், வெள்ளம் எதுவானாலும் முட்டி முன்கூட்டியே சொல்லிவிடும் என்பார்.

ஐயாவின் மகளை அண்ணனின் மகன் கட்டியிருந்தான். இரண்டு சம்பந்திகளுக்கும் கல்யாணச் சாப்பாட்டில் தொடங்கிய மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. அதை ஆற்றுவதற்காகத்தான் பிள்ளைகள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்து இந்தப் பயணத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஆற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது என்பதை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது அஞ்சலை அக்கா, முனியாண்டி அண்ணனின் மனைவி. தெலுக் இந்தான் சந்தையில் மீன் கடை. பழைய துணி விற்கும் பண்டல் கடையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு வாங்கி, அதை விமானம் ஏறியதிலிருந்து கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஏன் அக்கா இந்தப் பயணம் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ராஜி, எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து ஐஸோடதான் வாழ்க்க. ஃபேக்டரிலேருந்து கட்டி கட்டியா வரும், ஒடைக்கணும், அள்ளணும், மீனு மேல போடணும். மத்தியானம் பாத்தா தண்ணி. மறுநாள் திரும்பவும் ஒடைக்கணும். யாரும் ஒடைக்காம, யாரும் அள்ளாம, மேலேருந்து தானா விழுற ஐஸ ஒரு தடவ பாத்துப்புடணும். அவ்வளவுதான்."

அவர் விரல் நுனிகள் பல வருடமாக மரத்துப் போனவை என்பதை நான் கவனித்தேன். சூடான காபிக் குவளையை நாம் துணி சுற்றிப் பிடிப்போம். அவர் வெறுங்கையில் பிடிப்பார்.

அதைவிட, பனி விழும்போது சந்தைக்கே நேரடியாகக் காணொளியில் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சந்தை முழுக்கக் காத்திருந்தது.

போய் இறங்கினோம். மழை.

சாரல் இல்லை. நல்ல, கனமான, தெலுக் இந்தான் மழை. விமான நிலைய வாசலில் எங்கள் ஆட்கள் கம்பளிக் குல்லாய், கையுறை, மஃப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு வரிசையாக நின்று மழையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இந்த மழைய வீட்டு வாசல்லயே நின்னு பாத்திருக்கலாம் லா."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இந்தத் தொழிலில் வானிலைக்குப் பொறுப்பு வழிகாட்டிதான். கடவுளைக் கேட்க முடியாது, அவர் குழுவில் வரவில்லை.

அன்று மாலையே சம்பந்திகள் போட்டியைத் தொடங்கிவிட்டார்கள். ஐயா கைப்பேசியை நீட்டினார்.

"பிள்ளை, இங்க பாரும். நாளைக்குப் பின்னேரம் ஸ்னோ எண்டு போட்டிருக்கு."

"போன் சொல்றத போனு கேக்கட்டும் சம்பந்தி," என்றார் முனியாண்டி அண்ணே. "என் முட்டி சொல்லுது. இந்தப் பயணத்துல ஒண்ணும் விழாது."

"உம்முடைய முட்டி தெலுக் இந்தானுக்குத்தான் சரி. இங்க அதுக்கு என்ன தெரியும்?"

"முட்டிக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான் லா."

தோற்றவர் ஜெயித்தவரின் பையைப் பயணம் முடியும்வரை தூக்க வேண்டும் என்று பந்தயம். பேருந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு பக்கம் செயலி, ஒரு பக்கம் முட்டி.

மறுநாளும் மழை. கடலோர ஊர் ஒன்றைக் குடையோடு சுற்றினோம். அஞ்சலை அக்காவின் கோட்டு நனைந்து ஆட்டு வாசம் அடித்தது. மத்தியானம் சந்தையிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்துக் கோழிக்கடை மணியின் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது.

"அக்கா, பனி வந்துச்சா?"

"வரும்டா."

"இங்கயும் மழதான். நீங்க ஜப்பான்லதான் இருக்கீங்களா, இல்ல பக்கத்து லுமுட் கடக்கரயிலயா?"

அக்கா போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்து வேளைக்கு வேளை எல்லோருக்கும் பரிமாறும் நெத்திலிச் சம்பல் டப்பாவை அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் திறக்கவேயில்லை. அப்போதுதான் எனக்குக் கவலை வந்தது.

மூன்றாம் நாள்தான் கடைசி வாய்ப்பு. திட்டப்படி பேருந்து கடலோரத்திலிருந்து மலையேறி, ஒரு கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கணவாய் உச்சியில் பழைய பனி கிடப்பதாகத் தகவல். காலையில் திரையை விலக்கினால், மழை நின்று வானம் கழுவி வைத்தது போல இருந்தது. வெளியே போனேன். காற்று முகத்தில் அறைந்தது. நேற்று வரை தெற்கிலிருந்து வந்த ஈரக் காற்று இல்லை இது. கடலிலிருந்து, வடமேற்கிலிருந்து, கத்தி போல வந்தது.

பேருந்து கடலோரச் சாலையில் போகும்போது நான் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தொடுவானத்தில் மேகங்கள் நின்றன. கலைந்து கிடக்கவில்லை. தோட்டத்தில் ரப்பர் மரம் நட்ட நிரை போல, நிரை நிரையாக, நடுவில் நீலச் சந்து விட்டு, கரையை நோக்கி நீண்டிருந்தன. வாய்க்காலில் விழுந்த பெண்மணி எனக்கு இதை ஒரு படத்தில் காட்டியிருக்கிறார். குளிர்ந்த காற்று சூடான கடலைத் தாண்டும்போது மேகம் இப்படித்தான் வரிசை கட்டும். சந்தில் நிற்பவனுக்கு வெயில். நிரைக்குக் கீழே நிற்பவனுக்குக் கொட்டும் பனியில் தன் கையே தெரியாது. காற்று லேசாகத் திசை மாறினால் நிரையும் நகரும். அதாவது, எங்கள் தலைக்கு மேல் இருந்த நீல வானம் ஒரு சந்து. அவ்வளவுதான்.

ஆனால் இதைப் பேருந்திலிருக்கும் யாருக்குச் சொல்வது? ஐயாவின் மூன்று செயலியும் அன்று முதல்முறையாக ஒற்றுமையாக இருந்தன. மூன்றிலும் சூரியன்.

"கணவாய் வரை வெயில் எண்டு போட்டிருக்கு பிள்ளை. மேல ஏறினாத்தான் பனியைப் பாக்கலாம்."

"முட்டியும் அதத்தான் சொல்லுது," என்றார் முனியாண்டி அண்ணே. "வலியே இல்ல. மேல போலாம்."

சம்பந்திகள் இருவரும் ஒரே கருத்து சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மகிழ்ச்சியடைய வேண்டிய நேரத்தில் நான் மறுபடியும் தொடுவானத்தைப் பார்த்தேன்.

ஓட்டுநர் சாத்தோ எங்களோடு மூன்று நாளாக இருந்தார். அந்த மலைப் பாதையிலேயே முடி நரைத்தவர். பேச மாட்டார். அவரிடம் போய் மேலே கையைக் காட்டி, "ஓக்கேயா?" என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு "வக்காரிமசென்" என்றார். தெரியாது என்று அர்த்தம். இவ்வளவு அனுபவம் உள்ளவரே தெரியாது என்றால், தெரிந்த மாதிரி நடிக்க எனக்கு என்ன உரிமை?

மலைப் பாதையில் பாதித் தூரத்தில் ஒரு ஓய்விடம் உண்டு. கடை, கழிப்பறை, பெரிய வாகன நிறுத்துமிடம். மைக்கை எடுத்தேன். "நாம அந்த ஓய்விடத்தோட நிக்கிறோம். கணவாய்க்கு இப்போ போவல. வானம் எப்படின்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

பேருந்தில் எழுந்த சத்தத்தை உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. ஒரு அக்கா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "கோபுரத்தக் காட்டிட்டு, சாமி கும்பிட விடாம திருப்பிக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு, ராஜி."

ஓய்விடத்தில் இறங்கினோம். பளீரென்று வெயில். நிறுத்துமிடத்தின் ஓரத்தில் பழைய பனி கொஞ்சம் கறுத்துக் கிடந்தது. அஞ்சலை அக்கா ஓடிப்போய் வெறுங்கையால் அள்ளிப் பார்த்தார். விரலால் நசுக்கினார், மோந்து பார்த்தார், கீழே போட்டார்.

"இது செத்த ஐஸு. இதுல மீன வச்சா மத்தியானம் தாண்டாது."

நேரம் போனது. வெயில் கூடியது. ஜப்பான்காரர்களின் சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்று, அதன் ஆட்கள் சிரித்துக்கொண்டே கழிப்பறைக்குப் போய், சிரித்துக்கொண்டே ஏறி, கணவாய்ப் பக்கம் போய்விட்டது. போகும்போது எங்களுக்குக் கையசைத்தார்கள். அந்தக் கையசைப்பு எனக்குத்தான் வலித்தது.

எங்கள் ஆட்கள் சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். திட்டினால்கூடத் தாங்கலாம். தம்பிகளே, தங்கைகளே, பேருந்து நிறைய மனிதர்கள் மௌனமாகச் சோளம் கடிக்கும் சத்தத்தை நீங்கள் ஒருநாள் கேட்பீர்கள். அப்போது முடிவை மாற்றிக்கொள்ள நாக்கு துடிக்கும். எனக்கும் துடித்தது. இன்னும் ஒரு காபி குடித்துவிட்டுப் பார்க்கலாம், அதுவரை ஒன்றும் நடக்காவிட்டால் மேலே போகலாம் என்று மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டு கடைக்குள் போனேன்.

காபி கையில் இருக்கும்போதே வெளிச்சம் மங்கியது. யாரோ வானத்துக்குத் திரை போட்ட மாதிரி. வெளியே வந்தேன். படபடவென்று ஏதோ கொட்டியது. சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள், கோட்டில் பட்டுத் துள்ளின.

"ஜவ்வரிசி!" என்று யாரோ கத்தினார்கள்.

கணேசலிங்கம் ஐயா ஒன்றைப் பிடித்துப் பார்த்து, "இது ஆலங்கட்டி. கணக்கில வராது," என்றார்.

"கணக்குல வராதுன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?" என்றார் முனியாண்டி அண்ணே. பனி விழாது என்று பந்தயம் கட்டியவரே பனிக்காக வாதாடினார். எதிர்த்துப் பேச வேண்டும் என்ற ஆர்வத்தில் தான் எந்தக் கட்சி என்பதையே மறந்துவிட்டார்.

அதற்குள் ஜவ்வரிசி நின்று, நிஜமான பனி வந்தது. மெதுவாக மிதந்து வரும் என்று நினைத்திருந்தோம். அப்படி வரவில்லை. பக்கவாட்டில் வந்தது. கடையின் பெயர்ப் பலகை போனது. பேருந்து போனது. பக்கத்தில் நின்றவர்கள் நிழல்களானார்கள். எங்கும் கூச்சலும் சிரிப்பும். ஒரு பெரியம்மா வாயைத் திறந்துகொண்டு நின்றார். ஒருவர் சிரப் கிடைக்குமா என்று கேட்டார், நம் ஊர் ஐஸ் சீவல் இனிப்பான ஐஸ் கச்சாங் செய்ய.

அஞ்சலை அக்கா நிறுத்துமிடத்தின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். கைகள் நிறைந்தன. கொட்டிவிட்டு மறுபடி ஏந்தினார்.

"உருகவே மாட்டேங்குது ராஜி," என்றார். "என் கையில உருகாம நிக்குது பாரு."

மரத்த விரல்களில் சூடு குறைவாக இருந்ததாலா, பனி அவ்வளவு குளிர்ந்திருந்ததாலா, எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தால் எதுவும் கேட்கத் தோன்றாது.

பிறகு சந்தைக்குக் காணொளி போட்டார். நான்தான் போனைப் பிடித்தேன்.

"அக்கா, போனு கெட்டுப்போச்சு போல," என்றான் மணி. "வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே தெரியல."

"அதாண்டா பனி!"

"எது?"

"அந்த வெள்ள!"

"ஆளையே காணோம்க்கா. இதுல பனிய எங்க தேடுறது? லைன் நல்லா இருக்குற எடமாப் போயி காட்டுங்க."

சந்தையில் ஒருவரும் நம்பவில்லை. அக்கா சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு தலை எண்ணினேன். பழக்கம். எத்தனை மகிழ்ச்சி இருந்தாலும் எண்ண வேண்டும். இரண்டு தலை குறைந்தது. மறுபடி எண்ணினேன். இரண்டுதான். சம்பந்திகள்.

கடைக்காரப் பெண் சைகையில் சொன்னாள். கடைக்குப் பின்னால் புல்வெளி தாண்டி ஒரு மேடை இருக்கிறது, அங்கே ஒரு வெப்பமானி தொங்குகிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வாதத்தைத் தீர்க்க இரண்டு பேரும் போயிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. வெயில் காலத்தில் சின்ன நடைதான். ஆனால் மேடைக்குப் பக்கத்தில் நிலம் சரிந்து கீழே ஓடை ஓடுகிறது. இப்போது அந்தத் திசையில் வெள்ளைச் சுவர் மட்டும்தான் இருந்தது.

ஐந்தாறு பேர் உடனே ஓடப் பார்த்தார்கள். கணேசலிங்கம் ஐயாவின் மனைவி முதல் ஆள். நான் குறுக்கே கையை நீட்டினேன். வாழ்க்கையில் பயணிகளைப் பார்த்து நான் கத்தியது அன்றுதான். "யாரும் இந்தச் சுவர விட்டு நகரக் கூடாது! ரெண்டு பேரத் தேடப் போயி பத்துப் பேரத் தொலைக்க முடியாது!"

எல்லோரையும் கடையின் பின்சுவரோடு வரிசையாக நிற்க வைத்தேன். சாத்தோ பேருந்தின் ஹோனை விட்டு விட்டு அடித்தார். ஹோன் சத்தம் பனிக்குள் எங்கெங்கோ மோதி எல்லாப் பக்கமும் கேட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். சேர்ந்து கத்தியதில் யார் சத்தமும் தெளிவாகப் போகவில்லை.

மறுபடி தலை எண்ணினேன். இன்னும் இரண்டு குறைந்தது.

அஞ்சலை அக்கா என் தோளைத் தொட்டார். "எல்லாரையும் வாய மூடச் சொல்லு."

வாயை மூடினோம். அக்கா சுவரில் ஒரு கையை ஊன்றி, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

"கெம்போங்! கெம்போங்! தெங்கிரி வாங்க, தெங்கிரி! செலார்! வா வா வா!"

புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் ஏன் மீன் பெயரைச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்ல. மீனுக்குத்தான் எனக்குத் தொண்ட நல்லா வரும்," என்றார்.

நாலாவது தடவை தெங்கிரி என்றபோது வெள்ளையில் ஒரு கறுப்பு தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது இரண்டானது. முனியாண்டி அண்ணே முன்னால், அவர் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு கணேசலிங்கம் ஐயா பின்னால். ஐயாவின் புருவம் வெள்ளையாகியிருந்தது. அண்ணனின் மீசை உறைந்திருந்தது. சுவரைத் தொட்டதும் இரண்டு பேரும் அப்படியே சாய்ந்துகொண்டார்கள்.

"ஹோன் எல்லாப் பக்கமும் அடிச்சுது ராஜி," என்றார் அண்ணே, பல் தந்தியடிக்க. "எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. இவ சத்தம் மட்டும்தான் ஒரு எடத்துலேருந்து வந்துச்சு."

ஐயாவுக்குச் சூடான பால் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "மைனஸ் மூண்டு," என்றார். "நான் பாத்திட்டன்."

மதியத்துக்குப் பிறகு, மேலே போன அந்தப் பேருந்து பனி அள்ளும் வண்டியின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தது. உச்சியில் பாதையை மூடிவிட்டார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கியவர்கள் முகத்தில் காலையில் இருந்த சிரிப்பில்லை. அவர்களுக்கு இடம் விட்டு நெருங்கி உட்கார்ந்தோம். அஞ்சலை அக்கா சம்பல் டப்பாவைத் திறந்தார். ஜப்பான்காரர்கள் காரத்தில் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.

அப்போது எங்கள் குழுவே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ராஜி சொன்னா சொன்னதுதான், ராஜிக்கு வானம் பேசும், என்றெல்லாம். நான் சிரித்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று குடைந்தது. உங்களிடம் அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பனி விழுந்ததால் என் முடிவு சரியாகிவிடவில்லை. அந்த மேக நிரை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால், நாங்கள் வெயிலில் சோளம் தின்றுவிட்டு ஊர் திரும்பியிருப்போம். அப்போதும் அது சரியான முடிவுதான். ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பேருந்து நிறைய ஆட்கள் உங்களை மடச்சி என்று நினைத்துக்கொண்டே பத்திரமாக வீடு போய்ச் சேருவதும் நல்ல நாள்தான். அப்படிப்பட்ட நாட்கள்தான் எனக்கு அதிகம்.

பந்தயத்தைப் பற்றிக் கேட்பீர்கள். செயலியும் தோற்றது, முட்டியும் தோற்றது. யார் பையை யார் தூக்குவது என்று விடுதி வாசலில் புதுச் சண்டை தொடங்கியது. அஞ்சலை அக்கா தன் பையை ஒருவர் தோளிலும், சம்பந்தி அம்மாளின் பையை இன்னொருவர் தோளிலும் மாட்டிவிட்டு முன்னால் நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள். மின்தூக்கிக்குள் ஐயா அண்ணனிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. "சம்பந்தி, உம்முடைய முட்டி இப்ப என்ன சொல்லுது?"

"வலிக்குது சம்பந்தி. வேற ஒண்ணும் சொல்லல."

கடைசி நாள் விமான நிலையத்தில் சாத்தோவுக்கு நன்றி சொன்னேன். ஒரு கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, மலாயில் பேசி அவரிடம் கொடுத்தேன். அன்றைக்கு நான் மேலே போகலாம் என்று சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

அவர் கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மிகவும் பணிவாக ஏதோ சொன்னார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, பெண் குரலில், மலாயில் சொன்னது.

"எஞ்சின் ஆக்கான் ரோசாக்."

எஞ்சின் கெட்டுப்போகும். ஒரு கணம் பதறிப்போய் வெளியே நின்ற பேருந்தைப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. நான் மேலே போகச் சொல்லியிருந்தால், அந்த ஓய்விடத்தில் எஞ்சின் கெட்டுப்போயிருக்கும். நான் மனம் மாறும்வரை அது சரியாகவும் ஆகியிருக்காது.

சாத்தோ முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் குனிந்து வணங்கினார். நானும் குனிந்து வணங்கினேன், அவரைவிடக் கொஞ்சம் அதிகமாக.

ஆகவே, மலை அடிவாரத்தில், நல்ல வெயிலில், ஒரு காரணமும் இல்லாமல் உங்கள் பேருந்தின் எஞ்சின் நின்றுபோனால், ஓட்டுநரோடு வாதாடாதீர்கள். இறங்கி எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுங்கள்.